ஈரக் கையும் எட்டு மணி ஜெபமும்

நான்கு வருடங்களுக்கு முன், கல்யாணமாகி அம்பர்நாத்திலிருந்து தாராவிக்கு வந்த புதிதில் நடந்தது இது. பள்ளிக்கூட நாளிலிருந்தே எனக்கு உள்ளங்கை வியர்க்கும். லேசான ஈரமில்லை, சொட்டும். கைக்கு அடியில் கர்ச்சீப் வைத்துப் பரீட்சை எழுதியே பாஸானவள் நான். என் கணவருக்கு மட்டும் தெரியும். வீட்டில் மூச்சு விடக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தேன்.

புகுந்த வீட்டில் தினமும் எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம். எல்லோரும் வட்டமாக நின்று கைகோத்துக்கொள்வார்கள். எனக்குப் பக்கத்தில் மாமியார். முதல் நாளே, அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி நழுவினேன். அப்புறம் ஜெபம் தொடங்கினாலே எங்கள் வீட்டில் பால் பொங்க ஆரம்பித்தது. மருமகளுக்குப் பக்தியும் இல்லை, ஒட்டுதலும் இல்லை என்று மாமியார் முடிவு கட்டிவிட்டார். பேச்சும் குறைந்தது. எனக்கு ரொம்ப வலித்தது. ஆனாலும் ஈரக் கையை நீட்டி, அவர் முகம் சுளிப்பதைப் பார்க்கும் தைரியம் வரவில்லை.

ஒரு ஞாயிறு, சர்ச் முடிந்து தொண்ணூறு அடி ரோட்டைக் கடக்கும்போது ஒரு டெம்போ வேகமாக வந்தது. மாமியார் சட்டென்று என் கையைப் பிடித்து இழுத்தார். கை வழுக்கி உருவிக்கொண்டது. மறுபடி மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவிட்டார். டெம்போ என் துப்பட்டாவை உரசிக்கொண்டு போனது. அதன் டிரைவரை இந்தியில் நாலு வார்த்தை திட்டிவிட்டு, நனைந்த தன் கையைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார்.

"இதுக்குத்தானா ஏட்டி, தெனமும் பால் பொங்குது பால் பொங்குதுன்னு ஓடுன?"

ரோட்டோரத்திலேயே அழுதுவிட்டேன்.

அந்த வாரமே செம்பூரில் ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிப்போனார். தைராய்டெல்லாம் பார்த்துவிட்டு, பயப்படும் நோயில்லை என்றார் டாக்டர். முதலில் ராத்திரி தடவும் லோஷன். அது கேட்காவிட்டால் தண்ணீர்த் தட்டில் கையை வைத்து லேசாகக் கரண்ட் விடுவது. அதற்கும் மேல் ஊசி. ஆபரேஷன் கடைசியில்தான், அதற்குப் பின் முதுகிலும் வயிற்றிலும் வியர்வை கூடலாம் என்று எச்சரித்தார்.

லோஷன் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, கை எரிந்தது. அடுத்தது கரண்ட். தண்ணீர்த் தட்டைப் பார்த்ததும் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். மாமியாரோ செருப்புப் போடாமல் மிக்ஸி ஸ்விட்சைக்கூடத் தொடமாட்டார். அவர்தான் நர்ஸிடம், முதலில் தன் கையை வைத்துப் பார்க்கலாமா என்று அரைகுறை இந்தியில் கேட்டார். நர்ஸ் சிரித்தபடி, நெஞ்சில் பேஸ்மேக்கர், எலும்பில் பிளேட் ஏதும் உண்டா என்று விசாரித்துவிட்டு, கரண்டை மிகக் குறைவாக வைத்துக் கொடுத்தார். மாமியார் வளையலைக் கழற்றினார். கண்ணை இறுக மூடி, வாய்க்குள் ஜெபித்துக்கொண்டே இரண்டு கையையும் தண்ணீரில் வைத்தார்.

"எறும்பு ஊருத மாதிரிதான் இருக்கு. வை, நான் பக்கத்துலயே இருக்கேன்."

இப்போது பெரும்பாலும் கை காய்ந்தே இருக்கிறது. சிகிச்சை இடையில் விட்டுப்போனால் வியர்வை திரும்பிவிடும். அந்த நாட்களில் மாமியார் தன் முந்தானையால் என் கையை ஒரு துடை துடைத்துவிட்டுக் கோத்துக்கொள்வார். ஜெபம் முடிவதற்குள் அவர் கையும் நனைந்துவிடும். ஆமென் சொன்ன பிறகும் அந்தக் கையை விட எனக்கு மனசு வராது. பாலைக் காவல் காத்த நாட்களில் எதை இழந்திருந்தேன் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.