கண்ணாடி அலமாரிக்குள் இருந்த பெட்டி

போன வாரம் ஈப்போவில் தம்பி மகளுக்குப் பிறந்தநாள். கேக்கில் இருந்த மெழுகுவர்த்தியை அவள் ஊதி அணைத்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். அந்தப் புகை வாசனையில் எனக்கு லாரி எஞ்சின் ஞாபகம் வந்துவிட்டது. கேக் ஊட்ட வந்த பிள்ளையிடம் கடுகடுவென்று நின்றேனாம். வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மெழுகுக்கும் லாரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சிம்பாங் பூலாயில் ஒரு லாரிப் பட்டறையில்தான் நான் முதலில் வேலை பார்த்தேன். கேமரன் மலை ஏறி இறங்கும் லாரிகளில், புகைக்குழாயை எஞ்சினோடு பிடித்திருக்கும் ஸ்டட்டுகள், அதாவது தலையில்லாத மரையாணிகள், சூட்டில் வெந்து முறிந்துபோகும். முறிந்த துண்டு கொஞ்சம் வெளியே தெரிந்தால் அதன்மேல் ஒரு நட்டை வெல்டிங் வைத்து, சூடு ஆறுமுன் மெழுகைத் தேய்ப்போம். அது உருகித் துருவுக்குள் இறங்கும். ஸ்பேனரை முன்னும் பின்னும் மெதுவாக அசைத்தால் வேண்டாவெறுப்பாகக் கழன்று வரும்.

உள்ளே ஆழமாக முறிந்தால் நட்டு வைக்க வழியில்லை, ட்ரில் போட வேண்டும். ட்ரில் விலகாமல் நடுவில் இறங்க வழிகாட்டும் தகடும், அதற்கான துளையிடும் பிட்டுகளும் கொண்ட வெளிநாட்டு செட் ஒன்று பெட்டியோடு எங்கள் பட்டறையில் இருந்தது. எங்கே தெரியுமா? முதலாளி அறையில், கண்ணாடி அலமாரியில், பூட்டுப் போட்டு. வருகிறவர்கள் பார்த்து மலைக்க வேண்டுமாம். நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

முதலாளி வேறு யாருமில்லை, என்னோடு வேலை செய்த மணியின் தாய்மாமன். மாமனும் மருமகனும் சுங்கை சிப்புட் பக்கம் ஒரே தோட்டத்து லயக் குடியிருப்பில் வளர்ந்தவர்கள். மணிக்கு லாரி ஓட்ட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. லைசன்ஸ் டெஸ்ட்டுக்குத் தேதியும் வாங்கியிருந்தான்.

அப்போதுதான் ஒரு காய்கறி லாரி வந்தது. கடைசி ஸ்டட் ஆழத்தில் முறிந்து கிடந்தது.

"மாமா, அந்த செட்ட குடுங்க லா. வெறுங்கையில புடிச்சா ட்ரில் வெலகி ஓடும்," என்றான் மணி.

"நீங்கல்லாம் தொட்டா ரோசாக் ஆயிடும், கெட்டுப் போயிடும். சாயந்தரம் லாரி மலை ஏறணும், சும்மா கையிலயே ட்ரில் அடிடா."

அடித்தான். பிட் சறுக்கி உடைந்து, ஒரு சில்லு அவனுடைய இடது கண்ணில் பாய்ந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்த சொந்தக்காரர்களிடம் மாமா சொன்னார், "கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கடான்னு படிச்சு படிச்சு சொன்னேன், கேக்கல." பச்சைப் பொய். கண்ணுக்குப் போட அங்கே ஒன்றுமே கிடையாது.

அந்தக் கண்ணில் பார்வை போனதோடு லைசன்ஸ் ஆசையும் போயிற்று. இப்போது மணி ஒரு கல்குவாரி வாசலில் காவலாளி. லாரி வந்தால் தடுப்புக் கம்பியைத் தூக்கிவிடுகிறான்.

அவர்கள் வளர்ந்த தோட்டம் வீடமைப்புத் திட்டமாகிவிட்டது. மாமாவும் போய்ச் சேர்ந்தார். பட்டறை இருந்த இடத்தில் கார் கழுவுகிறார்கள். அதற்கெல்லாம் எனக்குத் துளி வருத்தமில்லை. பட்டறையை இடிப்பதற்கு முன் சாமான் ஒதுக்கப் போனபோது, மாமாவின் மகன் அந்தப் பெட்டியைத் திறந்து காட்டினான்.

"அப்பா எவ்ளோ பத்திரமா வச்சிருக்காரு பாருங்கண்ணே. சுத்தி வந்த எண்ணெய்த் தாள்கூட பிரிக்கல."

வாயைத் திறந்தால் செத்தவரைத் திட்டிவிடுவேன் என்று பேசாமல் வெளியே வந்தேன். இதோ, இப்போதுதான் திட்டுகிறேன்.