பாக்கெட்டில் வந்த பிளேடு

தமிழ்செல்வியை எனக்கு ஆறு வருடமாகத் தெரியும். ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் பன்னிரண்டு பெண்களை வைத்துக் கம்பெனி யூனிஃபார்ம் துவைத்துக் கொடுக்கும் தொழில் அவளுடையது. அழுக்கு மூட்டைகளை என் குட்டியானை வண்டியில் ஏற்றி வருவதும், துவைத்ததைத் திருப்பிக் கொண்டுபோய் விடுவதும் என் வேலை. அவள் தேனிப் பக்கத்துப் பெண். ஓசூரில் ஒரு தையல் கம்பெனியில் எட்டு வருடம் மெஷின் மிதித்துச் சலித்துப்போய், சொந்தமாக ஏதாவது செய்யலாம் என்று இறங்கினாள். இறங்கின இடம் சாக்கடை என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

கூட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் அந்த மூட்டையை ஒருமுறை பிரித்துப் பார்க்கட்டும். மூட்டை வருவது கார் பாகம் செய்கிற பெரிய கம்பெனியிலிருந்து. உள்ளே தரை பளபளவென்று இருக்கும். ஒரு பொட்டுக் குப்பை கிடந்தாலும் சூப்பர்வைசர் தாண்டவம் ஆடுவார். அதனால் எல்லாவற்றையும் பாக்கெட்டில் போட்டுக்கொள்வது அங்கே பழக்கம். மென்று துப்பின பாக்கு, மூக்குச் சிந்தின துணி, பாதி தின்ற வடை, எண்ணெய் ஒட்டின இரும்புச் சுருள். அவர்கள் தரை சுத்தம், எங்கள் பெண்கள் கையில் எச்சில். படித்தவன், நல்ல சம்பளம் வாங்குகிறவன், இன்னொருத்தி அதில் கை விடுவாள் என்று தெரிந்தே செய்கிறான். தூ!

பாக்கெட்டைத் துழாவிப் பார்க்கும் வேலை பூவம்மாளுடையது. காவேரிப்பட்டினத்துக்காரி, ஐம்பது வயது. தடித்த கையுறை போட்டுக்கொண்டுதான் கை விட வேண்டும் என்பது தமிழ்செல்வியே போட்ட சட்டம். கையுறையோடு பார்த்தால் நேரம் இழுக்கும். போன ஆடி மாதம் ஒரு நாள் மதியம் வரை கரண்ட் இல்லை. சாயங்காலத்துக்குள் துணி வந்தாக வேண்டும் என்று கம்பெனியிலிருந்து போன் மேல் போன்.

"அந்தக் கையுறையக் கழட்டிட்டு வெரசாப் பாருங்க பூவம்மாக்கா, மெஷின் சும்மா நிக்குது" என்றாள் தமிழ்செல்வி.

மூன்றாவது சட்டையில் அட்டைப்பெட்டி அறுக்கிற பிளேடு இருந்தது. வலது கை ஆள்காட்டி விரலில் நரம்பே அறுந்துவிட்டது. தையல் போட்ட டாக்டர், விரல் இனிமேல் மடங்காது என்றார்.

வேலையில் பட்ட காயம் என்று முதலாளி எழுதிக் கொடுத்தால் பூவம்மாளுக்கு ஈ.எஸ்.ஐ. காப்பீட்டில் உதவிப் பணம் உண்டு. ஆனால் மறுநாளே கம்பெனி நிர்வாக அதிகாரி ராஜேஷ்குமார் எங்களைக் கூப்பிட்டார்.

"வீட்ல காய் நறுக்கும்போது வெட்டிக்கிட்டாங்கன்னு எழுதிடுங்க மேடம். எங்க பேர் ரிப்போர்ட்ல வந்தா மேலிடத்துல ஆயிரம் கேள்வி. அப்புறம் நீங்க துணி எடுக்க வர வேண்டியிருக்காது."

சிரித்துக்கொண்டே சொன்னார். டீ வேறு வரவழைத்தார். அதைத் தொடவே எனக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் குடித்துத் தொலைத்தேன்.

விஷயம் தெரிந்ததும் பூவம்மாள் சொன்னாள்: "அப்படியே எழுதிக் குடுத்துடு செல்வி. வூட்லதான் அறுத்துக்கிட்டன்னு நானும் சொல்லிக்கறன். இன்னும் பதினோரு பேரு பொழைக்கணுமில்ல? எனக்குத் துணி மடிக்கிற வேலை குடு, போதும்."

இரண்டு நாள் தமிழ்செல்விக்குச் சோறு இறங்கவில்லை. அந்த அதிகாரியைவிடத் தன்மேல்தான் அவளுக்கு வெறுப்பு. "கழட்டச் சொன்னது இந்த வாய்தானே அண்ணே" என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். மூன்றாம் நாள் ஈ.எஸ்.ஐ. படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினாள். கம்பெனிச் சட்டையில் இருந்த பிளேடு, கையுறையைக் கழற்றச் சொன்னது தான்தான், எல்லாவற்றையும். யாரிடமும் சொல்லாமல் ஈ.எஸ்.ஐ. ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்தும் விட்டாள்.

அடுத்த வாரமே என் வண்டியை கேட்டில் நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேலை வேறு ஆளுக்குப் போய்விட்டது. பதினோரு பெண்களும் வீட்டில் உட்கார்ந்தார்கள். எனக்கும் லோடு போனது. அவளை மனசுக்குள் திட்டினேன், மறைப்பானேன்.

விரல் கட்டோடு பூவம்மாள் வந்தாள். தமிழ்செல்வி எழுந்து நாற்காலி போட்டாள்.

"உண்மைய எழுதிட்டேன்க்கா. இனி ஒருத்தரும் இதை மறைக்க முடியாது" என்றாள். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பூவம்மாள் உட்காரவில்லை.

"என்னை ஒரு வார்த்த கேட்டியா? கையுறைய அவுக்கச் சொன்னப்பவும் நீயாத்தான் முடிவு பண்ண. இப்பவும் நீயாத்தான் பண்ணியிருக்கற. விரலு என்னுது செல்வி."