பெயின்டர் வாங்கிய கேஸ் அடுப்பு

என் வீட்டுக்காரருக்கு ஒரு பழக்கம். பால் பாக்கெட்டை வெட்டியதும் என் மூக்குக்கு நேரே நீட்டுவார். "சரியா இருக்கா பாரு" என்பார். மீன், நேற்றுப் போட்ட சட்டை, ஃபிரிட்ஜில் மிஞ்சிய சாப்பாடு எல்லாம் என் மூக்கைத் தாண்டித்தான் போகும். செல்லம் கொஞ்சுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஒருநாள் அடுப்பில் பால் தீய்ந்துகொண்டிருந்தது. இரண்டடி தள்ளி, முதுகைக் காட்டி உட்கார்ந்து செருப்புக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். நான் மாடியிலிருந்து அடித்துப் பிடித்து ஓடி வந்து அணைத்தேன். "என்ன அவசரம்?" என்றார் நிமிர்ந்து பார்த்து. எனக்குப் புரிந்துவிட்டது. அவராகச் சொல்லாததை நான் கேட்கவில்லை. பதினெட்டு வருடம் அப்படியே போனது.

அவர் கார்களுக்கு பெயின்ட் அடிப்பவர். வேலைக்குச் சேர்ந்த காலத்தில் முகமூடியெல்லாம் கிடையாது. மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க தின்னர் வாடையில் நிற்பார்கள். மூக்கு போனாலும் கண் கெட்டி. காய்ந்த பெயின்டில் குண்டூசி முனை அளவு குமிழ் இருந்தாலும் முழுக் கதவையும் தேய்த்துவிட்டுத் திரும்ப அடிப்பார். "பெயின்டர் கண்ணுல மண்ணைத் தூவ முடியாது" என்று பட்டறையில் சொல்வார்கள்.

வீட்டுக்குப் பின்னால் துணி காயப் போடும் சிமென்ட் தரையில், பாதியாக வெட்டிய இரும்பு டிரம்மில் கரி போட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் இறைச்சியும் சோளமும் சுடுவார். மகளும் மாப்பிள்ளையும் வருவார்கள். வாரம் முழுக்க வாயே திறக்காத மனிதர் அன்றைக்கு மட்டும் பாட்டுப் பாடுவார். போன வருடம் டிரம்மின் அடி துருப்பிடித்துக் கொட்டிவிட்டது. அதே சமயம் அவருக்கு இருமல். புகை பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"சுடுறதுக்குக் கேஸ் அடுப்பு வாங்கலாம்பா. திரும்பக் கரின்னா நான் ஞாயித்துக்கிழமை வரவே மாட்டேன். நீங்க இருமுறதை உக்காந்து பாக்க என்னால முடியாது" என்றாள் மகள்.

"கேஸ்ல சுட்டா புகை வாசம் எங்க இருக்கும்? அதைத் தின்னா என்ன, தின்னாட்டி என்ன?" என்றார் அவர்.

புகை வாசத்துக்காக அவர் வாதாடுவதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் விஷயம் உறைத்தது. சமையலறையில் நான் இருக்கிறேன்; பின்பக்கம் தான் நின்று சுடும்போது கேஸ் கசிந்தால் தனக்குத் தெரியாதே என்பதுதான் அவர் பயம். அதைச் சொல்லவும் முடியாமல், ஞாயிற்றுக்கிழமையை விடவும் முடியாமல் தவித்தார்.

சும்மா பார்க்கலாம் என்று மாப்பிள்ளை எங்கள் எல்லோரையும் கடைக்கு அழைத்துப் போனார். பானை மாதிரி உருண்டையாக ஒரு கரி அடுப்பு, பக்கத்திலேயே மூடி போட்ட கேஸ் அடுப்பு. இவர் கரி அடுப்பைவிட்டு நகரவில்லை.

"மாமா, ஸ்விட்சைத் திருகினா பத்து நிமிஷத்துல ரெடி. கரின்னா பத்த வைக்கிறதுக்குள்ள எனக்குப் பசியே செத்துடும்."

"உங்களுக்கு எப்பவுமே அவசரம் மாப்பிள்ளே. கல்யாணத்துலயும் அப்படித்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் நான் கடைக்காரப் பெண்ணிடம் கேட்டுவிட்டேன். "ஏம்மா, கேஸ் கசிஞ்சா மோந்து பாக்காம கண்ணால பாக்க வழி இருக்கா?"

"மூக்குன்னு ஒண்ணு எதுக்கு அத்தை இருக்கு?" என்றார் மாப்பிள்ளை. இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"இருக்கே அக்கா, வாங்க" என்று அந்தப் பெண் கடைக்குப் பின்னால் திறந்தவெளியில் வைத்திருந்த அடுப்பிடம் கூட்டிப் போனாள். அடுப்பின் ஸ்விட்சுகளையெல்லாம் மூடி, சிலிண்டரை மட்டும் திறந்தாள். கிண்ணத்தில் சோப்பைக் கலக்கி, குழாயிலும் அது சேரும் இடங்களிலும் பிரஷ்ஷால் தடவினாள். "கசிஞ்சா இந்த நுரையில குமிழ் குமிழா வரும். பாருங்க, ஒண்ணுமில்ல."

இவர் குந்தி உட்கார்ந்தார். பட்டறையில் கார் கதவைப் பார்ப்பது போலத் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இல்லம்மா. இந்த மரைக்குக் கீழ ஒண்ணு வருது."

அவள் குனிந்து வெகு நேரம் பார்த்தாள். குண்டூசி முனை அளவு குமிழ். "அய்யோ, ஆமா!" என்று சிலிண்டரை மூடிவிட்டு மரையை இறுக்கினாள். மறுபடி திறந்து நுரை தடவிப் பார்த்தபோது குமிழ் வரவில்லை.

"எப்படி மாமா கண்டுபிடிச்சீங்க?"

"மூக்கு வேலை செய்யாதவன் கண்ணை வச்சுத்தானே மாப்பிள்ளே பொழைக்கணும்" என்றார் எழுந்துகொண்டே. "பதினெட்டு வருஷமா ஒரு வாசனையும் தெரியாது எனக்கு."

மகள் என் பக்கம் திரும்பினாள். "அம்மா, உனக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? அவ மூக்கை வச்சுத்தானே நான் குடும்பமே நடத்துறேன்" என்று அவரே பதில் சொன்னார். பிறகு அந்தப் பெண்ணிடம், "இதையே கட்டிக் குடும்மா" என்றார்.

மகள் அவரை மூக்கு டாக்டரிடமும் காட்டினாள். போனது திரும்புவது சந்தேகம்தான் என்று சொல்லிவிட்டார்கள். இருமல் மட்டும் பாதியாகக் குறைந்திருக்கிறது. கேஸ் அடுப்பு பின்பக்கம் நிற்கிறது. பக்கத்தில் ஒரு சோப்புக் கிண்ணமும் அவருடைய பழைய பெயின்ட் பிரஷ்ஷும் இருக்கின்றன. பற்றவைக்கும் முன் அவர் நுரை தடவிப் பார்ப்பார், நான் ஒரு தரம் மோந்து பார்ப்பேன். மகளும் மாப்பிள்ளையும் ஞாயிறுதோறும் வருகிறார்கள்.