ஸ்டிக்கர் மாஸ்டரின் பியானோ டீச்சர்

மெத்தைக் கடை நடத்தி நொடித்துப்போன ஒருவர் அதே கட்டடத்தில் இசைப்பள்ளி திறந்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் அந்தப் பள்ளி இருந்தது. மெத்தைகள் அடுக்கியிருந்த மாடிக் கூடத்தை ஒட்டுப்பலகையால் அறை அறையாகத் தடுத்து, அறைக்கொரு பழைய பியானோவை நிறுத்தியிருந்தார் முதலாளி. ஓர் அறையில் தும்மினால் அடுத்த அறையில் திடுக்கிடுவார்கள். இதைப் பற்றிப் பியானோ டீச்சர் முறையிட்டபோது, "சத்தம் வருதுல்ல டீச்சர், அப்புறம் என்ன?" என்று கேட்டார் அவர். அன்றோடு டீச்சர் அவரைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டாள்.

அவள் கணக்கில் மிஞ்சியவர்கள் அதிகம் இல்லை. பிள்ளை முதல் நாள் ஸ்டூலில் ஏறி உட்காரும்போதே செல்போனை நீட்டிப் படம் எடுக்கும் அப்பாக்கள் இல்லை. "எப்ப மேடம் ரெண்டு கையாலயும் வாசிப்பான்?" என்று கேட்கும் அம்மாக்கள் இல்லவே இல்லை. அப்படிக் கேட்ட ஒருத்தியிடம், "முதல்ல உக்காரக் கத்துக்கட்டும். வீட்டுல அதைக்கூட நீங்க சொல்லிக்கொடுக்கலையே" என்றாள். அந்த அம்மா மறுவாரம் பையனை நீச்சலுக்கு மாற்றிவிட்டாள்.

டீச்சரிடம் சேர்கிற குழந்தை ஆரம்பத்தில் பாட்டு எதையும் வாசிக்காது. கையைத் தொங்கவிடும், தூக்கும், மடியில் விழவிடும். பிறகு ஒரே ஒரு கட்டையை அழுத்தி, அதன் ஒலி தேய்ந்து அடங்கும்வரை காது கொடுத்துக் கேட்கும். நாலு சுரத்தை வாயால் பாடிக் காட்டாமல் விரலால் தொட முடியாது. இப்படிப் பழகிய குழந்தைகள் நன்றாகவே வாசித்தன. ஆனால் அதுவரை பொறுமையாக இருந்த பெற்றோரும், அதுவரை டீச்சரின் வாயைத் தாங்கிய குழந்தைகளும் சொற்பம்.

இந்த நிலையில்தான் ஸ்டிக்கர் மாஸ்டர் வந்து சேர்ந்தார். ஐம்பது வயது, சாயம் பூசிய மீசை, நாள் தவறாத இஸ்திரிச் சட்டை. அவர் பையில் இசைப் புத்தகம் எதுவும் கிடையாது. சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று வட்ட வட்டமான ஸ்டிக்கர் தாள்கள்தான் இருந்தன. கட்டைகள்மேல் அவற்றை ஒட்டி, "சிவப்பு, சிவப்பு, பச்சை, மஞ்சள்" என்று சொல்லிக்கொண்டே போவார். குழந்தை தட்டும். மூன்றாவது வகுப்பில் ஒரு முழுப் பாட்டு வந்துவிடும். வீடியோ சொந்தக்காரர்கள் போனுக்கெல்லாம் போகும்.

தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து டீச்சர் அதைக் கேட்பாள். கதவைத் திறக்கச் சொல்லித் தட்டுகிறவன்கூட இதைவிட உணர்ச்சியோடு தட்டுவான் என்று அவளுக்குத் தோன்றும். அவளிடமிருந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாக அந்த அறைக்கு நகர்ந்தன.

"அவர்கிட்ட நீங்களும் ரெண்டு விஷயம் கேட்டுக்கலாம் டீச்சர்" என்றார் முதலாளி.

"விலைச்சீட்டு ஒட்டுற பழக்கம் உங்களை விட்டு இன்னும் போகல சார்" என்றாள் அவள்.

முதலாளி அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டாரோ என்னவோ, சிரித்தார். ஊரின் மறுகோடியில் இரண்டாவது கிளை திறக்கப்போவதாகவும், திறப்பு விழாவில் மாஸ்டர் வாசிக்கப்போவதாகவும் அப்போதுதான் சொன்னார். பக்கத்தில் நின்ற மாஸ்டரின் முகம் செத்துவிட்டது. டீச்சர் அதைக் கவனித்தாள். ஏன் என்று அப்போது புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புரிந்தது. டீச்சர் தம்பி குடும்பத்தோடு இருந்தாள். முன்னறையில் அவளுடைய பியானோ பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. கதவைத் திறந்த தம்பி மனைவி உள்ளே வந்து, "அண்ணி, மீசை வச்ச ஒரு சார் வந்திருக்காரு. செருப்பைக் கழட்டிட்டு வாசல்லயே நிக்கிறாரு" என்றாள்.

மாஸ்டர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தண்ணீரைக் குடித்தார். கடைசியில் விஷயத்தைக் கக்கினார். அவருக்குப் பியானோ வாசிக்கத் தெரியாது. வெகுகாலம் ஒரு கீபோர்டு கடையில் விற்பனையாளராக இருந்திருக்கிறார். வாடிக்கையாளர் வந்தால் பட்டனைத் தட்டிவிட்டு, மேலே விரலை ஆட்டிக் காட்டுவார். கடையை மூடியதும் ஸ்டிக்கரோடு இங்கே வந்துவிட்டார்.

"விழாவுல ஸ்டிக்கர் ஒட்டின பியானோல வாசிக்க முடியாது டீச்சர். சின்னதா ஒண்ணு சொல்லிக்கொடுத்தீங்கன்னா, உங்களைச் சாகுறவரைக்கும் மறக்க மாட்டேன்."

"உங்க வீட்டுப் பியானோல ஸ்டிக்கர் இருக்கா?"

"வீட்டுல பியானோவே இல்ல டீச்சர்."

சமையலறையில் தம்பி மனைவி களுக்கென்று சிரித்தது கேட்டது. டீச்சர் சிரிக்கவில்லை. அந்தக் கணத்தை அவசரப்படாமல் அனுபவித்தாள். வெளியே போகச் சொல்லலாம். முதலாளியிடம் போட்டுக்கொடுக்கலாம். ஆனால் இந்த ஆள் தன் ஸ்டூலில் உட்கார்ந்து தன்னிடம் வாங்கிக்கட்டிக்கொள்வதில் இருக்கும் சுகம் அதிலெல்லாம் வராது. திட்டினால் அழுதுகொண்டு போய் அம்மாவைக் கூட்டிவர முடியாத மாணவர் இவர். "உக்காருங்க" என்றாள்.

அவருடைய தோள்கள் சட்டை மாட்டும் ஹேங்கர்போல விறைத்து நின்றன. மணிக்கட்டுக்கு அடியில் கைகொடுத்து அவர் கையை உயர்த்தினாள். சட்டென்று தன் கையை எடுத்தாள். அவர் கை அந்தரத்தில் அப்படியே நின்றது.

"நான் விட்டுட்டேன். ஏன் கீழ விழல?"

"நீங்க சொல்லலையே டீச்சர்."

"விழுறதுக்கு உத்தரவு வேணுமா?"

அந்த வகுப்பு முழுக்க விழுவதிலேயே கழிந்தது. அடுத்த ஞாயிறு ஒரே கட்டை. அழுத்திவிட்டு ஒலி அடங்கியதும் சொல்லச் சொன்னாள். உடனே "முடிஞ்சிடுச்சு" என்றார். "உங்களுக்குப் பொறுமை முடிஞ்சிடுச்சு. சத்தம் இன்னும் இருக்கு" என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி கேட்டார். "அட, ஆமா" என்றார், ஏதோ சந்தில் தொலைத்த சாவி கிடைத்தவர்போல. இத்தனை வருஷம் இசைக்கருவி விற்ற மனிதர்.

பிறகு விரல்களை நடக்கப் பழக்கினாள். "நடக்கும்போது ஒரு கால் ஊனின அப்புறம்தானே அடுத்த காலைத் தூக்குறீங்க? விரலும் அப்படித்தான். நீங்க குதிக்கிறீங்க. சுடுகல்லுல கால் வச்ச மாதிரி குதிக்கிறீங்க." அவர் வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் பழகிக்கொண்டு வந்தார். அவள் வையும்போதெல்லாம் தலையாட்டினார். கோபப்படாத அந்தக் குணத்தையும் டீச்சர் கேவலமாகத்தான் நினைத்தாள்.

சுரங்கள் ஓரளவுக்குச் சரியாக விழத் தொடங்கிய பிறகும் வாசிப்பில் உயிர் இல்லை. பாடச் சொன்னாள். முனகினார்.

"விடுங்க. உங்க பொண்டாட்டியை எப்படிக் கூப்பிடுவீங்க, உள்ள இருக்கும்போது?"

மாஸ்டர் வெட்கப்பட்டார். பிறகு, "ஏம்மா, எங்க இருக்க?" என்று குரல் கொடுத்தார். சமையலறையிலிருந்து, "இங்கதான் இருக்கேன்" என்றாள் தம்பி மனைவி.

"எங்க குரல் ஏறிச்சு? எங்க இறங்கிச்சு? எல்லா எழுத்தையும் ஒரே மாதிரி அழுத்தினீங்களா? கடைசியில எப்படி விட்டீங்க? அதை இதுல வாசிங்க."

அவர் வாசித்தார். ஐந்தே சுரம். மூன்றாவது சுரம் லேசாக மலர்ந்தது. கடைசிச் சுரத்தில் கை தானாக எழும்பி, ஒலி மெதுவாக விலகியது. அறையில் யாரையோ உண்மையிலேயே தேடியதுபோல இருந்தது. டீச்சருக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதற்காகவும் அவர்மேல் எரிச்சல் வந்தது. இப்படிப்பட்ட காதை வைத்துக்கொண்டு மனுஷன் காலமெல்லாம் பட்டன் தட்டியிருக்கிறார்.

திறப்பு விழாவில் அந்தச் சின்ன மெட்டை மாஸ்டர் தப்பில்லாமல் வாசித்து முடித்தார். கைதட்டினார்கள். "இவ்வளவுதானா?" என்று முதலாளி அவர் காதோடு கேட்டது கடைசி வரிசைவரை கேட்டது. நன்றி சொன்னபோது மாஸ்டர் மாலை கட்டியவரைக்கூட விடவில்லை. டீச்சரை மட்டும் விட்டுவிட்டார்.

சில வாரங்களில் பள்ளி வாசலில் ஒரு பேனர் ஏறியது. மீசையோடு மாஸ்டரின் படம். கீழே, 'தளர்கை முறை: மாஸ்டரின் சொந்தக் கண்டுபிடிப்பு' என்ற எழுத்து. டீச்சர் படியேறித் தன் அறையில் உட்கார்ந்தாள். தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "விழுறதுக்கு உத்தரவு வேணுமா தம்பி?" என்று கேட்டது. அவள் சொன்ன வார்த்தை, அவர் வாயில் தேன் தடவி வந்தது. ஒரு குழந்தை கலகலவென்று சிரித்தது. அவளிடம் எந்தக் குழந்தையும் அதற்குச் சிரித்ததில்லை.

வகுப்பு முடியும்வரை காத்திருந்து அவரை மாடிப்படியில் மறித்தாள்.

"கண்டுபிடிச்சீங்களா? எங்க கண்டுபிடிச்சீங்க, எங்க வீட்டு முன்னறையிலயா?"

மாஸ்டர் மறுக்கவில்லை. "எல்லாம் நீங்க சொன்னதுதான் டீச்சர். ஆனா உங்க பேரைப் போட்டா யாரு வருவாங்க?"

குத்திக்காட்டும் தொனி அதில் இல்லை. மழை வருமா என்று விசாரிப்பதுபோலக் கேட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி நாலு கேள்வி தயாராக வைத்திருந்த டீச்சர் விலகி வழிவிட்டாள்.

அன்று சாயங்காலமும் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டாள். ஏதோ ஒரு சிறுமி வாசித்தாள். வரி முடியும் இடத்தில் மூச்சு விட்டாள். சத்தம் உருண்டையாக வந்தது. முன்பெல்லாம் கதவைத் தட்டுவதுபோலப் பியானோவைத் தட்டிய அறை அது. ஆனால் ஒவ்வொரு முறையும் கட்டைவிரல் வரும் இடத்தில் மட்டும் 'தொம்' என்று ஒரு இடி. டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் பார்த்தாள். ஐந்தாவது இடியில் எழுந்து அந்த அறைக் கதவைத் திறந்தாள்.

"கட்டைவிரலைக் குத்தாத. பக்கவாட்டுல படுக்க வை" என்று சிறுமியின் கையைத் திருப்பி வைத்தாள். பிறகு மாஸ்டரைப் பார்த்தாள். "கட்டைவிரல் பாடமே நான் இன்னும் எடுக்கல. அதுக்குள்ள விக்க ஆரம்பிச்சாச்சு. திருடுறதுதான் திருடுறீங்க, முழுசாத் திருடுங்க. அரைகுறையா ஊர்ல பரப்பினா அது எனக்குத்தான் கேவலம். ஞாயித்துக்கிழமை வாங்க."

"சரிங்க டீச்சர்" என்றார் மாஸ்டர்.

வந்தார். கொஞ்சமும் கூச்சமில்லாமல், அதே இஸ்திரிச் சட்டையில் வந்தார். டீச்சர் அவருக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை. ஸ்டூலைக் காட்டினாள், பக்கத்தில் நின்றாள், இடது கையிலிருந்து தொடங்கச் சொன்னாள்.