தபசு மரத்தில் பசித்தவன்

செல்லியின் வீட்டில் கீரை வேகத் தொடங்கியதே திம்மராயனுக்கு வயிற்றுவலி வந்த பிறகுதான். அதுவரை அந்த வீட்டில் கீரை என்பது ஆட்டுக்குப் போடுகிற சாமான்.

அவள் புருஷன் திம்மராயன், குருபரப்பள்ளிக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலையை ஒட்டிய கல்குவாரியில் லாரிக்குக் கல் ஏற்றுகிறவன். ஏற்றிய கல்லின் மேலேயே உட்கார்ந்து லாரியோடு அவனும் போவான். நம் பக்கத்தில் மதுவிலக்கு. ஜூஜுவாடி எல்லையைத் தாண்டி அடுத்த மாநிலத்து அத்திப்பள்ளிக்குள் கால் வைத்தால் சாராயக் கடை திறந்தே கிடக்கும். குடிப்பான், மிளகாய் மிதக்கும் கறியைத் தின்பான், திரும்பி வரும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பான். வயிற்றில் புண் என்று கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சாராயம், கறி, காரம் மூன்றையும் விட வேண்டும், வயிற்றைக் காயப் போடவும் கூடாது என்றார்கள். கடைசியில் சொன்னது அவன் காதில் ஏறவில்லை. செல்லியின் காதில் ஏறியது.

திம்மராயனிடம் ஒரு கோளாறு உண்டு. எதையும் முழுசாகச் செய்தால்தான் அவனுக்குச் செய்ததாகக் கணக்கு. அன்றைக்கே கோயில் வாசலில் கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய்தான். கொஞ்ச நாள் பச்சைக் காயைக் கடித்துக்கொண்டு முனிவர் மாதிரி திரிந்தான். பிறகு ஒரு சாயங்காலம் அத்திப்பள்ளியில் சறுக்கினான். ஒரு தடவை சறுக்கியவன் எழுந்து வர வேண்டாமா? “போச்சு, எல்லாம் போச்சு” என்று ஒரு மாதம் பழைய குடி. மறுபடி சத்தியம், மறுபடி சறுக்கல். சத்தியம் பெரிதாக ஆக, சறுக்கலும் பெரிதாகிக்கொண்டே போனது.

செல்லிக்குச் சத்தியத்தின் மேல் இருந்த நம்பிக்கை விட்டுப்போனது. அவள் வேறு வழி பார்த்தாள். களை எடுக்கப் போகும் கொல்லையில் தொய்யக்கீரையோ பண்ணைக்கீரையோ எது கிடைத்தாலும் மடியில் கட்டி வந்து கடைந்து வைப்பாள். கூட ராகிக் களி. கீரை கிடைக்காத நாளில் கொள்ளுச் சாறு. முந்தின ராத்திரி அவன் நாற்றமடிக்க வந்து விழுந்திருந்தாலும் காலையில் அதே களி, அதே கீரை. திட்டும் கிடையாது, அழுகையும் கிடையாது.

“நேத்துத் தின்னது நேத்தோட போச்சு மாமா. இன்னிக்கு இதத் தின்னு.”

பாட்டுக்கும் அவள்தான் வழி சொன்னாள். வெங்கடசாமி வாத்தியாரின் கூத்து செட்டில் திம்மராயன் பின்பாட்டுக்காரன். கூத்து வருகிறது என்றால் ஒரு வாரம் கத்து கத்தென்று கத்திப் பழகி, ஆடுகிற அன்றைக்குத் தொண்டை கட்டி நிற்பான். மற்ற நாட்களில் பாட்டு என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

“களி வேகற வரைக்கும் பாடு, அது போதும். தாளம் தப்புனா தப்பிட்டுப் போவுது. கேக்கறது நானு, வாத்தியாரா?” என்றாள் செல்லி.

அவன் வெளியே கல்லின் மேல் உட்கார்ந்து பாடுவான். அவள் உள்ளே துடுப்பால் களி கிண்டுவாள். எழுந்திருக்க முடியாத காலைகளில் பாட்டில்லாமல் களி மட்டும் வெந்தது. இப்படிக் கூடியும் குறைந்தும் இரண்டு வருஷம் ஓடியது. அத்திப்பள்ளிக் கடை எப்போதாவது என்று ஆனது. வயிறு அடங்கியது. குரல் ஏரிக்கு அந்தப் பக்கம் வரை கேட்டது. அடுப்படியில் இருந்தபடியே, அவன் பசியோடு பாடுகிறானா, வலியோடு பாடுகிறானா, நல்ல மனசோடு பாடுகிறானா என்று செல்லி சொல்லிவிடுவாள். அவள் வாழ்க்கையில் நிம்மதி என்று ஒன்று இருந்தது அந்த இரண்டு வருஷம்தான்.

அறுபத்தெட்டில் மழை பொய்த்தது. ஏரி பாளம் பாளமாக வெடித்தது. அம்மனும் குடியிருக்கும் தர்மராஜா கோயிலில் பாரதம் வைத்தால் மழை வரும் என்று ஊர் கூடி முடிவெடுத்தது. பதினெட்டு நாள் கூத்தில் முக்கியமானது அர்ச்சுனன் தபசு. பட்டை சீவிய உயரமான பனைமரத்தை நட்டு, அதில் படி கட்டி, அர்ச்சுனன் வேஷக்காரன் படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே உச்சிக்கு ஏற வேண்டும். அவன் விரதம் சுத்தமாக இருந்தால் சிவன் வரம் கொடுப்பார். விரதத்தில் குறை இருந்தால் மரம் அவனைத் தள்ளிவிடும் என்பது ஊரின் நம்பிக்கை. அர்ச்சுனன் வேஷத்தை வாத்தியார் திம்மராயனுக்குக் கொடுத்தார். ஊரே சந்தோஷப்பட்டது. செல்லி மட்டும் சந்தோஷப்படவில்லை.

ஏனென்றால் மரம் தள்ளிய ஒருவனை அவளுக்குத் தெரியும். கங்கப்பன் அவன் பெயர். சில வருஷங்களுக்கு முன்னால் பக்கத்து ஊர் பாரதத்தில் அர்ச்சுனனாக ஏறியவன், உச்சியிலிருந்து விழுந்தான். உயிர் தப்பியது, இடுப்பு தப்பவில்லை. கையில் காப்பைக் கட்டிக்கொண்டு கறி தின்றுவிட்டான் என்று சுற்று வட்டாரமே பேசியது. கங்கப்பன் ஒரு தடவைகூட மறுக்கவில்லை. குருபரப்பள்ளி சாலை ஓரத்தில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு இருந்தான்.

காப்புக் கட்ட இன்னும் ஒரு மாதம் இருக்கும்போதே திம்மராயன் விரதத்தை ஆரம்பித்துவிட்டான். அதுவரை ஒழுங்காகத்தான் போனது. ஒரு நாள் கல் லாரியில் போன இடத்தில், ஜூஜுவாடி ஓட்டல் ஒன்றில் ரசம் சோறு வாங்கித் தின்றான். பாதிச் சோற்றில் பல்லில் ஏதோ கடிபட்டது. எடுத்துப் பார்த்தால் சின்ன எலும்புத் துண்டு. கறிக் குழம்பில் போட்ட கரண்டியை எவனோ ரசத்தில் போட்டிருக்கிறான். வீட்டுக்கு வந்ததும் வாசலில் நின்றபடியே அதைச் செல்லியிடம் சொன்னான்.

“துப்பிட்டியா? வாய் கொப்புளிச்சியா? தலைக்கு ஊத்திக்கோ. அவ்வளவுதான் மாமா.”

“இது அந்தக் கத இல்ல புள்ள. நான் மரம் ஏறணும்.”

அன்றிலிருந்து அவன் குறையை ஈடுகட்ட ஆரம்பித்தான். முதலில் உப்பை விட்டான். பிறகு களியை விட்டான். காப்புக் கட்டியதும் கோயிலிலேயே தங்கிவிட்டான். செல்லி தினமும் சட்டியில் கொண்டுபோய்க் கோயில் வாசலில் வைப்பாள். தொட்டுப் பேசக் கூடாது. சட்டி திரும்பி வரும்போது நாளுக்கு நாள் கனம் கூடியது. கடைசியில் வைத்தது வைத்தபடி வந்தது. ஊருக்கு அது பெருமை. “திம்மராயன் தண்ணியக் குடிச்சே தவம் இருக்கறான்” என்று பாரதம் கேட்க வந்த வெளியூர்க்காரர்களிடம் சொல்லிக்கொண்டார்கள். பசித்த மனுஷனைப் பார்த்து இப்படிப் பூரிக்கிற ஊரை என்னவென்று சொல்வது? அம்மன் பட்டினி கேட்டதாக எந்தக் கூத்துப் பாட்டிலும் இல்லை.

கோயிலுக்குள்ளிருந்து அவன் பாடுவது வீதிவரை கேட்கும். செல்லி நின்று கேட்பாள். வலியை மறைக்க, ஒவ்வொரு அடியின் கடைசியையும் அவன் விழுங்குகிறான் என்று அவளுக்குப் புரிந்தது. புண் திரும்பிவிட்டது. தபசுக்கு முந்தின நாள் காலையில் அவள் குருபரப்பள்ளிக்கு நடந்தாள்.

கங்கப்பன் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தான்.

“ணா, நெசத்தச் சொல்லு. மரம் ஏறுன அன்னிக்கு என்னா தின்ன?”

அவன் நிமிர்ந்து பார்த்தான். அந்தக் கேள்வியை அவனிடம் நேராகக் கேட்டவர்கள் அதுவரை யாரும் இல்லை போலிருக்கிறது.

“ஒண்ணும் திங்கல. மூணு நாளா ஒண்ணுமே திங்கல. கண்ணு இருட்டிக்கிச்சு, வுட்டுட்டேன்.”

“அப்ப ஏன் ணா சொல்லாம இருக்கற?”

“பட்டினியில வுழுந்தேன்னா எவன் நம்புவான்? கறி தின்னு வுழுந்தான்னா எல்லாரும் நம்பறான். சாமியத் தப்பு சொல்றதுக்குப் பதிலா என்னயச் சொல்லிக்கிறாங்க. சொல்லிக்கட்டும்.”

செல்லி ஓட்டமும் நடையுமாகத் திரும்பினாள். கோயில் வாசலில் நின்று, தூணுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கண் குழிக்குள் போயிருந்தது.

“அவன் சாக்கு சொல்றான் புள்ள. தின்னவன் தின்னேன்னா சொல்லுவான்?” என்றான்.

மறுநாள் மதியம் மரத்தைச் சுற்றிக் கூட்டம் தாங்கவில்லை. பிள்ளையில்லாத பெண்கள் ஈரத் துணியோடு மரத்தடியில் காத்திருந்தார்கள். அர்ச்சுனன் உச்சியிலிருந்து போடுகிற பழம் மடியில் விழுந்தால் பிள்ளை பிறக்கும். அதற்காகப் பூசாரி வாழைப்பழமும் எலுமிச்சம்பழமும் திருநீறும் நிரப்பிய பையை திம்மராயனின் இடுப்பில் கட்டினார். பையின் கனத்துக்கே அவன் ஒரு பக்கம் சாய்ந்தான். அதை செல்லியைத் தவிர யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

அவன் ஏறினான். கீழ்ப் படிகளில் குரல் நன்றாகவே வந்தது. மேலே போகப் போகப் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் இடைவெளி நீண்டது. உச்சிப் பலகையில் உட்கார்ந்து ஒரு அடி பாடினான். இரண்டாவது அடியில் குரல் அறுந்தது. இரண்டு கையாலும் மரத்தைக் கட்டிக்கொண்டு வயிற்றை மடித்துக் குனிந்தான். கிரீடம் கழன்று கீழே வந்து விழுந்தது.

“கொற இருக்குதுடா! நான் அப்பவே சொன்னேன்” என்றான் ஆஞ்சப்பன். அவன் திம்மராயனோடு குவாரியில் கல் ஏற்றுகிறவன், செட்டில் பீமன் வேஷம் கட்டுகிறவன்.

கூட்டம் மெள்ளப் பின்னால் நகர்ந்தது. பெண்கள் எழுந்து ஒதுங்கினார்கள். யாரும் சொல்லாமலே மரத்தைச் சுற்றி ஒரு வட்டம் காலியானது. அவன் விழுவதற்கு இடம் விடுகிறார்கள் என்று செல்லிக்குப் புரிந்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவள் அந்த வட்டத்துக்குள் போய் நின்றாள்.

“மாமா! பாட வேணாம். பையில பழம் இருக்குது, எடுத்துத் தின்னு!”

பூசாரி அவளைப் பிடித்து இழுத்தார். “பாவி, அது அம்மன் பிரசாதம்!”

“மாமா, தின்னு! நீ வுழுந்தா என் மேலதான் வுழணும், நான் நவுரமாட்டேன். தின்னு!”

மேலே ஒரு கை மரத்தை விட்டது. கூட்டம் மூச்சை இழுத்தது. அந்தக் கை பைக்குள் போய், ஒரு பழத்தை எடுத்து, தோலோடு வாயில் வைத்துக் கடித்தது. அவன் மெல்லுவதைக் கீழே இருந்த எல்லோரும் பார்த்தார்கள். இன்னொன்றும் தின்றான். வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு மிச்சப் பாட்டைப் பாடினான். பாதியில் ஒரு சரணம் விட்டுப்போனது, சுருதியும் சேரவில்லை. மீதிப் பழங்களைப் போட்டான். ஏந்துவதற்கு மடி ஒன்றும் இல்லை, மண்ணில் விழுந்தன. ஒவ்வொரு படியாகத் தடவி இறங்கித் தரையில் கால் வைத்ததும் செல்லி அவனைப் பிடித்துக்கொண்டாள். வேறு ஒருவரும் கிட்டே வரவில்லை.

அந்த வருஷமும் மழை இல்லை. மேகம் திரண்டு வந்து அத்திப்பள்ளிப் பக்கம் போய்க் கொட்டியது. ஊர் அதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. ‘பழந்தின்னி அர்ச்சுனன்’ என்று அவனுக்குப் பெயர் வைத்தார்கள். வாத்தியார் செட்டில் இடம் இல்லை என்றார். செல்லி குழாயடிக்குப் போனால் பேச்சு நின்றது. அவன் ஒரு வாரம் வாயைத் திறக்கவில்லை. பிறகு ஒரு காலையில், களி வேகும்போது, வெளியே கல்லின் மேலிருந்து முனகல் மாதிரி ஒரு பாட்டு வந்தது. செல்லி துடுப்பை நிறுத்திவிட்டு அழுதாள்.

குறை தீர்க்க வேண்டும் என்று அடுத்த வருஷமும் பாரதம் வைத்தார்கள். அர்ச்சுனன் வேஷம் ஆஞ்சப்பனுக்கு. அவன் சபையில் எழுந்து, “போன தடவ மாதிரி ஆவாது. என் வெரதத்துல ஒரு பொட்டு கொற இருக்காது” என்றான். ஊர் கை தட்டியது.

தபசு நெருங்கியபோது செல்லி, கூப்பிடாத வீட்டுக்குப் போய் ஆஞ்சப்பனின் பெண்டாட்டி மாதம்மாளைப் பார்த்தாள்.

“உன் வூட்டுக்காரரு சாப்புடறாரா மாதம்மா?”

“எச்சிகூட முழுங்கறதில்லக்கா!” மாதம்மாளின் முகம் பூரித்தது.

“திங்கச் சொல்லு. கால்ல வுழுந்தாவது திங்கச் சொல்லு. கங்கப்பண்ணன் வுழுந்தது பசியிலதான், கறி தின்னு இல்ல. என் வூட்டுக்காரரு பொழச்சதே அந்தப் பழத்தாலதான்.”

மாதம்மாளின் முகம் மாறியது. “உன் புருசனுக்குக் கெடச்ச பேரு எங்களுக்கும் வரணும்னு பாக்கறியா? போக்கா, நல்லாருப்ப.”

திம்மராயனும் கோயில் வாசல்வரை போனான். பழந்தின்னி வந்திருக்கிறான், தீட்டு என்று விரட்டிவிட்டார்கள்.

ஆஞ்சப்பன் உச்சிக்குப் போகவே இல்லை. பாதி மரத்தில் பாட்டு நின்றது. கூட்டம் பின்னால் நகர்ந்து வட்டமானது. செல்லி ஆட்களைத் தள்ளிக்கொண்டு முன்னால் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பாயில் கிடத்திய உடம்பைச் சுற்றி ஊர் நின்று பேசியது. “என்னாத்தயோ தின்னுட்டான்டா.” “அத்திப்பள்ளியில பாத்ததா சொல்றாங்க.” மாதம்மாள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் பார்த்துக் கும்பிட்டாள். “ஒண்ணும் திங்கலீங்க. அம்மன் சத்தியமா அவரு ஒண்ணும் திங்கலீங்க.” சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

செல்லி போய் அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள். “எனக்குத் தெரியும் மாதம்மா” என்றாள். அன்றைக்கு அந்த ஊரில் அதை நம்பியவர்கள் அவளும் திம்மராயனும்தான்.