சின்னக் கைக்கு ஒரு மரப்பிடி

என் கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் துவக்குச் சுடப் போகிறவர் என்று சொன்னால் எங்கள் சனம் முதலில் சிரிக்கும், பிறகு ஒரு மாதிரிப் பார்க்கும். பார்க்காமல் என்ன செய்யும்? துவக்குச் சத்தமே வேண்டாம் என்று கடல் தாண்டி வந்த ஆட்கள் நாங்கள். வந்து, வீடு வாங்கி, மகளைப் படிப்பித்து, தலை நரைக்கத் தொடங்கிய நேரத்தில் இந்த மனுஷன் சந்தா கட்டிக் கைத்துவக்குக் கிளப் ஒன்றில் சேர்ந்தார். நகரசபையில் வடிகால் பொறியியலாளர் வேலை. கூட வேலை செய்த ஒருவர் ஒருநாள் பார்க்க வா என்று கூட்டிக்கொண்டு போனார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் விடவேயில்லை. நான் மேய்ஸ் ஹில் கோயிலில் முருகனிடம் போவேன், அவர் கடதாசி வட்டத்தைச் சுடப் போவார். மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டு பேரும் வந்து சேருவோம். உம்முடைய ஆள் என்ன சொன்னார் என்று கேட்பார். உங்களுக்கு நல்ல புத்தி கொடுக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் என்பேன்.

இப்போது அவர் இல்லை. அவர் போவதற்கு முந்திய வருஷம் அவருடைய றிவோல்வருக்குப் புது மரப்பிடி வாங்கினோம். அதை இதுவரை நான் யாருக்கும் சொன்னதில்லை. சொன்னால் துவக்கைப் பற்றித்தான் கேட்பார்கள்.

அவருக்கு வந்த வருத்தம் சட்டைப் பொத்தானில் தொடங்கியது. பொத்தான் துளைக்குள் போக மறுத்தது. பிறகு ஜாம் போத்தல் மூடி, பிறகு வீட்டுச் சாவி. வலது கையில் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் உள்ள சதை வற்றி அந்த இடம் குழி விழுந்தது. டொக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னார். மோட்டார் நியூரோன் நோய். நரம்புகள் தசைகளைக் கைவிடும், ஒவ்வொன்றாக, முதலில் கை, பிறகு மற்றவை. விட்டது திரும்பி வராது. சொல்லிவிட்டு, கண் துடைக்க ரிஷு பெட்டியை என் பக்கம் தள்ளினார். என் கணவர் வடிகால் வரைபடம் ஒன்றைப் பற்றிக் கேட்பதுபோலத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் உடுப்பு மாற்றிப் புல் வெட்டப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நான் எதைக் கேட்டாலும் ஒரே மறுமொழிதான்: "பாப்பம்." என்ன யோசிக்கிறீர்கள் என்றால் பாப்பம். மகளிடம் போய்க் கொஞ்ச நாள் இருப்போமா என்றால் பாப்பம். பயமாக இல்லையா என்று ஒருநாள் குசினியில் வைத்து நேராகவே கேட்டேன். அதற்கும் பாப்பம் என்றுவிட்டு வெங்காயத்தை எடுத்து என்னிடம் தந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அதை அவர் தலையிலேயே எறிந்திருப்பேன். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு, சாகப் போகிற மனுஷனின் மனதில் என்ன இருக்கிறது என்று தெரிய உரிமையில்லையா?

மகள் மெல்பேர்னில், கிளேட்டன் பக்கம், ஆராய்ச்சி செய்கிறாள். அவள் ஒருநாள் போனில், அம்மா, அந்தத் துவக்கை முதலில் வீட்டைவிட்டு அகற்றுங்கள் என்றாள். அதை இங்கிலீசில்தான் சொன்னாள். தமிழில் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை என்று நினைக்கிறேன். எனக்குள் ஏற்கெனவே கிடந்து அரித்த எண்ணத்தை அவள் வெளியே எடுத்து வைத்துவிட்டாள். அன்றிலிருந்து, அலுமாரிக்குள் துவக்கு வைத்திருந்த இரும்புப் பெட்டியை நான் தாண்டிப் போகும்போதெல்லாம் அது பூட்டியபடியே இருக்கிறதா என்று பார்த்தேன். சட்டப்படி சாவி அவரிடம்தான் இருக்க வேண்டும், நான் தொடக் கூடாது.

அப்படி இருக்கும்போதுதான், துவக்குக்குப் புதுப்பிடி வாங்க வேண்டும், நீரும் வாரும் என்று கூப்பிட்டார். பழைய பிடி றப்பர். கை நன்றாக இருந்தபோது றப்பர் நல்லது, வெடிக்கும்போது வரும் உதையைத் தாங்கும். இப்போது அதன் தடிப்பு கைக்குள் அடங்கவில்லை, சுடும்போது துவக்கு சுழன்று திரும்பியது. மரப்பிடி மெல்லிசு, வழவழப்பானது, கைக்கு அளவாக எடுக்கலாம் என்றார். கைக்குப் பலம் இருக்கும்வரை சுடலாம் என்று டொக்டரும் கிளப்பும் சம்மதித்திருந்தார்கள். போகாவிட்டால் என்ன வாங்குகிறார் என்று எனக்குத் தெரியாமல் போய்விடும். போனேன்.

பரமட்டாவுக்கு அப்பால், டயர்க் கடைகளுக்கு நடுவில் இருந்தது அந்தக் கடை. கடைக்காரர் பெரிய தாடிக்காரர், குரல் மட்டும் மெதுவானது. லைசன்ஸைப் பார்த்து, நாங்கள் கொண்டுபோன பூட்டிய பெட்டியைத் திறந்து, துவக்கு வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒரே ஒரு திருகாணியைக் கழற்றினார். றப்பர் இரண்டு பாதியாகக் கழன்று வந்தது. உள்ளே இரும்பு எலும்புபோலத் தெரிந்தது. பிறகு கண்ணாடி மேசைமேல் மரப்பிடிகளை வரிசையாகப் பரப்பினார். கறுப்பு, சிவப்பு, தேன் நிறம், ரேகை ஓடிய மண்ணிறம். சேலைக் கடையில் விரித்துப் போட்டமாதிரிக் கிடந்தன. நிறம் நீர் சொல்லும் என்றார் என் கணவர். திரைச்சீலை வாங்கும்போதும் இப்படித்தான் சொல்லுவார், பிறகு தான் நினைத்ததைத்தான் வாங்குவார். கறுப்பு வேண்டாம் என்றேன். ரேகை ஓடிய வால்நட் மரம் வடிவாக இருந்தது, அதைக் காட்டினேன்.

கடைக்காரர் அதைப் பூட்டிக் கொடுத்தார். என் கணவர் கையில் எடுத்துப் பார்த்தார். பெருவிரல் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது, உள்ளங்கை நிரம்பியது. கச்சிதம் என்று கடைக்காரர் சொன்னார். எனக்கும் சந்தோஷம்தான். பொருந்துகிற பிடி ஒன்று கிடைத்ததே, ஏதோ ஒன்றாவது இன்னும் இந்தக் கைக்குப் பொருந்துகிறதே என்று நினைத்தேன். ஆனால் என் கணவர் அதைக் கழற்றச் சொல்லிவிட்டு, அதே மரத்தில் சின்ன அளவு இருக்கிறதா என்று கேட்டார். கடைக்காரர் தேடி எடுத்தார். பூட்டிப் பார்த்தால் விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன. இது சின்னக் கைக்காரருக்குச் செய்தது, பெண்கள்தான் வாங்குகிறவர்கள், உங்களுக்குச் சரிவராது என்று கடைக்காரர் மறித்தார்.

என் கணவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சாதாரணமாக, இங்கிலீசில், அந்த ஆளுக்குச் சொன்னார். இன்றைக்குச் சரியான பிடியை வாங்கினால் ஒரு மாதத்தில் அது பெரிதாகிவிடும். இந்தக் கை வற்றிக்கொண்டு போகிறது. வருஷக் கடைசியில் இந்த அளவுக்கு வந்திருக்கும் என்று கணக்குப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு எந்தப் பிடியும் தேவைப்படாது.

தாடிக்காரர் சின்னப் பிடியை எடுத்து ஒரு துணியால் துடைத்துக்கொண்டே நின்றார். எத்தனை மாதம் அழுது கேட்டும் எனக்குத் தமிழில் சொல்லாத ஒன்றை, முன்பின் தெரியாத ஒருவருக்கு, விலை கேட்பதுபோல இந்த மனுஷன் சொல்லிவிட்டார். சாவைவிட அதுதான் அந்த நேரத்தில் எனக்குச் சுட்டது.

திரும்பும் வழியில் வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் காரை நிறுத்தி மட்டன் றோல்ஸ் வாங்கினார். றோல்ஸ் என்றால் கரண்டி தேவையில்லை. நான் என்னுடையதைத் தொடவில்லை. பிடியைப் பற்றி யோசிக்க யோசிக்க, மகள் சொன்னதுதான் திரும்பத் திரும்ப வந்தது. கை ஓய்ந்துபோகும் நாள்வரைக்கும் அந்தத் துவக்கைப் பிடிக்க இவருக்கு ஏன் இவ்வளவு கவனம்?

"இஞ்சருங்கோ," என்றேன். "நீங்கள் உங்களுக்கே ஏதும் செய்து போடுவியளோ எண்டு நானும் பிள்ளையும் நித்திரையில்லாமல் கிடக்கிறம்."

அவர் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். "அதுக்கு ஆரும் இவ்வளவு வடிவாப் பாத்து மரம் வாங்குவினமே?" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டும் சேர்ந்து மூக்கால் ஒழுகியது. ரிஷு எடுத்துத் தர அவருடைய விரல்களுக்கு வரவில்லை, பெட்டியையே தூக்கி என் மடியில் வைத்தார். பிறகுதான் கிளப்புக்கு ஏன் போகிறார் என்பதைச் சொன்னார்.

"அங்கை நிக்கேக்கை எல்லாரும் கடதாசியைத்தான் பாக்கினம். என்ரை கையை ஒருத்தரும் பாக்கிறேல்லை."

அடுத்த கிழமை, நான் கேட்காமலே, துவக்கைக் கிளப்பின் பாதுகாப்புப் பெட்டகத்தில் வைக்க ஏற்பாடு செய்துவிட்டு வந்தார். வீட்டு அலுமாரி வெறுமையானது. மகளுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அவள் அழுதாள். எனக்கும் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. ஆனால் பயமா என்று கேட்டால் பாப்பம் என்கிற மனுஷன் மாறவில்லை.

நான் கோயிலை வெள்ளிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டு ஞாயிறுகளில் அவருடன் போகத் தொடங்கினேன். சுடுகிறவர்களுக்குப் பின்னால் கண்ணாடி அடைத்த அறை ஒன்று இருக்கிறது. அதற்குள் கதிரையில் உட்கார்ந்து பிளாஸ்கில் கொண்டுபோன தேநீரைக் குடிப்பேன். முதல் சில கிழமைகள் அவர் கண்டபடி சுட்டார். பிடி சிறிது, விரல்கள் நெருக்குப்பட்டன, சூடுகள் வட்டத்துக்கு வெளியே போயின. பெண்பிள்ளையின் பிடியை வாங்கினால் இப்படித்தான் என்று கிளப்பில் ஒரு கிழவர் பகிடி பண்ணினார். இவரும் சேர்ந்து சிரித்தார். ஏன் வாங்கினார் என்று அங்கே ஒருவருக்கும் சொல்லவில்லை.

பிறகு மெல்ல மெல்லப் புள்ளிகள் ஏறத் தொடங்கின. முதலில் நான் கவனிக்கவில்லை. அந்தக் கிழவர்தான் கடதாசியைக் கொண்டுவந்து கண்ணாடியில் ஒட்டிக் காட்டினார். ஓட்டைகள் நடுவட்டத்துக்குக் கிட்டவாகக் கூடி வந்திருந்தன. வீட்டில் கரண்டிக்குத் தடிப்பான கைபிடி போட்டிருந்தோம், அதுவும் நழுவியது. சட்டைக்குப் பொத்தானை வெட்டிவிட்டு ஒட்டும் பட்டி தைத்துக் கொடுத்தேன். வீட்டில் ஒவ்வொன்றாக நழுவ நழுவ, அங்கே புள்ளி ஏறியது. ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் அவர் தோளில் தட்டும்போது எனக்கு எங்கேயாவது ஓடிப்போய்விட வேண்டும்போல இருக்கும். அவர் கணக்கு எப்போதும் பிழையானதில்லை. வீதியில் எங்கே வெள்ளம் நிற்கும் என்று மழைக்கு முன்னமே சொல்லுகிற மனுஷன்.

வருஷக் கடைசிக்கு முன் ஒரு ஞாயிறு. இரண்டு கையாலும் துவக்கை ஏந்தி, இடது பெருவிரலால் பின்னால் இருக்கிற சுத்தியலை இழுத்து, ஒவ்வொன்றாகச் சுட்டார். முடிந்து கடதாசி வந்தபோது எல்லோரும் கூடிவிட்டார்கள். கிளப்பில் சேர்ந்த நாள்முதல் அவர் அவ்வளவு நன்றாகச் சுட்டதில்லை. கை தட்டினார்கள். கிழவர் கண்ணாடி அறைக்குள் வந்து, உங்கள் கணவருக்குச் சுகமாகி வருகிறது, கண்ணால் பார்க்கவே தெரிகிறது என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கிழவரின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து நான் ஆம் என்று தலையாட்டினேன்.

என் கணவர் மேசையடியில் நின்றபடி என்னைப் பார்த்தார். வலது கை இன்னும் அந்த வால்நட் பிடியைச் சுற்றி இருந்தது. ஒரு விரலும் மற்றதன்மேல் ஏறவில்லை. உள்ளங்கைக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு கடதாசி போக இடமில்லை.

துவக்கைத் துடைத்துக் கொடுத்து, இதை விற்க வேண்டும், ஆள் பாருங்கள் என்று கிளப்காரரிடம் சொல்லிவிட்டு வந்தார். காருக்குக் கிட்டப் போனதும் கார்ச் சாவியை என்னிடம் நீட்டினார். இத்தனை வருஷத்தில் நான் காரோட்டி அவர் பக்கத்தில் இருந்ததில்லை, என் ஓட்டம் அவருக்குப் பிடிக்காது.

"அளவாக் கிடக்கு," என்றார். "நான் நினைச்ச கணக்குத்தான்." பிறகு கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, "எனக்குச் சரியான பயமாக் கிடக்கு," என்றார்.

அந்தச் சொல்லுக்காகத்தான் நான் ஒரு வருஷமாகக் காத்திருந்தேன். முருகன் இருக்கிறார், புது மருந்து வரும் என்று சேர்த்து வைத்திருந்த பேச்சு ஒன்றையும் எடுக்கவில்லை. எனக்கும்தான் என்று சொன்னேன். அவரை மற்றப் பக்கம் உட்கார வைத்து, பெல்ட்டைக் கொழுவிவிட்டு, நான் சுற்றி வந்து ஏறினேன். வழி முழுக்க அவர் பேசிக்கொண்டே வந்தார்.