மாவா, சப்பாத்தா, நாய்க்குட்டியா?

உழுந்து மா புளிக்கும்போது வருகிற மணம் வாயூறவும் வைக்கும், கொஞ்சம் முகஞ்சுளிக்கவும் வைக்கும். ஒரு மார்கழியில் அந்த மணம் எங்கள் வீடு முழுக்க நிறைந்திருந்தது. ஆனால் மா மட்டும் புளிக்கவில்லை. அப்போது நாங்கள் மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷனில், மூன்றாம் மாடி வீடொன்றில் வாடகைக்கு இருந்தோம். அந்தக் குளிரில் தோசைக்கு மாப் புளிக்கவைப்பது அம்மாவுக்குப் பெரும்பாடு. வாளியைப் பழைய கம்பளியால் சுற்றி, சமையலறையில், எங்கள் பேச்சில் "குசினி"யில், ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, போகும்போதும் வரும்போதும் எட்டிப் பார்ப்பார். அன்று காலை மணம் வந்ததும், "அப்பாடா, புளிச்சிட்டுது!" என்று ஆசையாக மூடியைத் திறந்தார். அரைத்து ஊற்றிய மா ஊற்றியபடியே கிடந்தது. அன்றைய தோசையை ரொட்டி என்று சொல்லித்தான் சாப்பிட்டோம்.

அதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான் குட்டியன் வந்திருந்தான். அப்பாவோடு உணவகத்தில் வேலை செய்த ஒருவரின் வீட்டு நாய் போட்ட குட்டி. கபில நிறம், முகத்தைவிடப் பெரிய தொங்கு காதுகள். ஊரில் நாயென்றால் முற்றத்தில் நிற்கும், மழைக்குத் தாழ்வாரத்தில் ஒதுங்கும், அவ்வளவுதான். முற்றமே இல்லாத இந்த வீட்டில் நாயை எப்படி வளர்ப்பது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அவன் தானாகவே ஹீற்றரடியைப் பிடித்துக்கொண்டான். மா வாளியோடு ஒட்டிப் படுத்துக் கிடப்பான். ஆகவே மணப்பது எது என்று எவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை.

முதல் பழி, அப்பா வாசலில் கழற்றிவைத்திருந்த சப்பாத்தில் விழுந்தது. "இஞ்சரும், என்ன மணந்தாலும் உமக்கு என்ரை சப்பாத்துத்தானே ஞாபகம் வரும்" என்று முணுமுணுத்தபடி அவர் அதைக் கொண்டுபோய்ப் பனிக்குள் வைத்தார். மணம் போகவில்லை. பிறகு அம்மா மிச்ச மாவைக் கொட்டினார், வாளியை எலுமிச்சந்தோலால் தேய்த்தார். அப்போதும் மணந்தது. மிஞ்சியது குட்டியன்தான்.

எனக்கு விளங்காமல் போனது இதுதான்: மாவிலிருந்து வருகிறதென்று நினைத்தபோது எல்லோரும் சந்தோஷப்பட்ட அதே மணம், நாயிலிருந்து வருகிறதென்றதும் எப்படி ஒரே நாளில் "நாத்தம்" ஆனது? நான் அவனுடைய கழுத்துக்குள் முகத்தைப் புதைத்து மணந்து பார்ப்பேன். எனக்குப் பசிதான் வந்தது. ஒரு நாய்க்குட்டியை மணந்து பசிக்கிற பிள்ளை உலகத்தில் வேறு உண்டா என்று பயந்து, அதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை.

அம்மா எங்களுக்குச் செய்வதையெல்லாம் அவனுக்கும் செய்தார். தலையிலும் காதுக்குள்ளும் நல்லெண்ணெய் தேய்த்து, சீயாக்காய் போட்டு, குளியல் தொட்டிக்குள் இருத்தித் தோயவார்த்தார். சாம்பிராணிப் புகையும் காட்டினார். புகை மணி அலறியதுதான் மிச்சம். தோய்ந்த அன்று சீயாக்காய் மணம், மறுநாள் முன்னையதைவிட மோசம். "தோயவாக்க வாக்கக் கூடவெல்லே நாறுது! இதென்ன கூத்து?" என்று அம்மா தலையில் கைவைத்தார். குட்டியனோ தலையைச் சிலுப்பிக்கொண்டே இருந்தான். வானொலிப் பாட்டுக்கு ஆடுகிறான் என்று அப்பா சிரித்தார், நாங்களும் சிரித்தோம்.

திருவெம்பாவைப் பூசை நாட்கள் நெருங்கிக்கொண்டிருந்தன. விடியற்காலையில் விளக்கேற்றித் தேவாரம் பாடுகிற வீட்டில் இந்த மணம் ஆகாது என்று அம்மா தீர்ப்புச் சொன்னார். "துவங்க முதல் கொண்டுபோய்க் குடுத்திடுங்கோ." நான் அழுதேன், சோறு வேண்டாமென்றேன், ஒன்றும் எடுபடவில்லை. கொண்டுபோகிற அன்று, நாறுகிற நாயைத் திருப்பிக் கொடுத்தால் என்ன நினைப்பார்களோ என்று அம்மா அவனைக் கடைசியாக ஒருமுறை தோயவார்த்துத் துவட்டினார். துவாய் காதில் பட்டதும் குட்டியன் வீரிட்டான். அந்தச் சத்தத்தில் அப்பா ஒரு கால் சப்பாத்தோடு ஓடிவந்தார்.

"நில்லுங்கோ," என்றார் அம்மா. "இவனுக்கு என்னவோ செய்யுது. முதல் டொக்டரிட்டைக் காட்டுவம்."

அயலில் இருந்த மிருக வைத்தியரிடம் போனோம். அந்தப் பெண்மணி பிரெஞ்சில் கேட்டதை நான் தமிழாக்கினேன், அம்மா சொன்னதைப் பிரெஞ்சாக்கினேன். குட்டியனின் காதை அவர் மடித்துத் திறந்ததும் எங்கள் குசினி மணம் அந்த அறைக்குள் வந்தது. காதுக்குள் முன்னரே பூஞ்சணம் பிடித்திருக்கிறது, ஈரமும் எண்ணெயும் தங்கி ஹீற்றர் சூட்டில் கிடந்ததில் அது இன்னும் பெருகிவிட்டது என்றார். பாண் மாவைப் பொங்கவைக்கிற ஈஸ்டின் சாதிதானாம்.

"அம்மா, காதுக்குள்ளை புளிச்சுப்போச்சாம்," என்றேன்.

"என்ரை மா புளிக்கேல்லை, இவன்ரை காது புளிச்சதோ?" என்று அம்மா வாயைப் பிளந்தார்.

வைத்தியர் இன்னொன்றும் சொன்னார். அதைச் சொல்வதா விடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. "பிள்ளை, அவ என்ன சொல்லுறா?" என்று அம்மா விடாமல் கேட்டார். இது மிகவும் நோகும், பல நாட்களாக நொந்திருக்கும், அதனால்தான் தலையைச் சிலுப்பியிருக்கிறான் என்று சொல்லிவிட்டேன்.

அம்மா அந்த இடத்திலேயே அழுதார். "நாறுது நாறுது எண்டுதானே எல்லாரும் நிண்டனாங்கள். நோகுதோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லையே, ஐயோ." வெளியே வந்ததும் குட்டியனைத் தன் குளிரங்கிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு அப்பாவிடம் சொன்னார்: "திருவெம்பாவைக்கு இவனும் எங்களோடைதான். சாமி கோவிச்சா என்னோடை கோவிக்கட்டும்."

மருந்து விட்டுக் காதைத் துடைத்துவர மணம் போய்விட்டது. குட்டியன் எங்களோடு வளர்ந்து, கிழவனாகி, நான் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் செத்துப்போனான். அந்த மூன்றாம் மாடியில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். நாங்கள் மொன்றியலின் புறநகரான கர்க்லாண்டுக்கு வந்துவிட்டோம். இங்கே முற்றம் இருக்கிறது, நாய் இல்லை. இன்னொன்று வாங்குவோமா என்று கேட்டால் அம்மா பேச்சை மாற்றிவிடுவார்.

ஆனால் பின்னேரங்களில் நடக்கப் போகும்போது எதிரில் தொங்கு காதுள்ள நாய் வந்தால், அதைக் கூட்டிவருபவரிடம் ஒரு "பொன்ஜூர்" சொல்லிவிட்டு, அவர் என்ன ஏதென்று கேட்பதற்குள் அம்மா குனிந்து அதன் காதைத் தூக்கி மணந்துவிடுவார். மன்னிப்புக் கேட்பது என் வேலை. நாய்க்கு நோகிறதா என்று பார்க்கிறாரா, அல்லது குட்டியனைத்தான் தேடுகிறாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. "இதுக்கு ஒண்டுமில்லை," என்பார் நிமிர்ந்து. நாலடி நடந்ததும் அந்த நாயை ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்.